சதுர அடைப்புக்குள்

தாம்பரம்
9-2-2025

அன்புள்ள ஆச்சிக்கு,

வேல்விழி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். இரண்டு வருஷம் வாய் திறக்காதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நீங்கள் கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. போனில் உங்களுக்குக் காது விளங்குவதில்லை என்று பிச்சம்மாள் ஆச்சி சொன்னார்கள். அதனால்தான் கடிதம். கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம்.

ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் ஒரு கதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் வாசிக்கிற கதை. படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு மூன்று வழிகள் இருக்கும். வாசிக்கிறவர் எதைத் தொடுகிறாரோ அந்த வழியில் கதை போகும்.

கோபப்படாமல் மேலே வாசியுங்கள். அது நம் வீட்டுக் கதை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மாடக்கண்ணுத் தாத்தா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மெஷினில் கிடந்தது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதும் அம்மா கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டுவந்தது, அப்புறம் ஆடி மாதம் அம்மா மேலகரம் வந்து உங்கள் கதவைத் தட்டியது, இவ்வளவும் அதில் வருகிறது. வாசிக்கிறவர்தான் அதில் அம்மா. 'கையெழுத்துப் போடுகிறாயா, உன் அம்மா வரும்வரை காத்திருக்கிறாயா' என்று திரை அவரைக் கேட்கும்.

நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை. அம்மா சொன்னதை வைத்துக் கதவு வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் போக முடியவில்லை. அம்மா எழுதினதை எல்லாம் வாசிக்கிறாள். கதவுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறாள். "தொறந்திருந்தா உங்க ஆச்சி என்ன சொல்லியிருப்பான்னு எனக்கே தெரியலட்டி" என்கிறாள்.

அன்றைக்குக் கதவு திறந்திருந்தால் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒரு வரி போதும் ஆச்சி.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேத்தி,
வேல்விழி

*

மேலகரம்
21-2-2025

பேத்தி வேல்விழிக்கு ரெங்கம்மாள் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. கால் வீக்கம் தை மாதமே வடிந்துவிட்டது. கேட்பார் இல்லாததால் அதுவாகவே வடிந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பின போட்டோவில் தோள் எலும்பு தெரிந்தது.

நான் நாலாங்கிளாஸ் படித்தவள். உன் கதை எனக்கு விளங்கவில்லை. விளங்கின மட்டும் சொல்கிறேன். நம் வீட்டுச் சாவை வைத்து ஊரில் உள்ளவன் எல்லாம் இந்த வழியா அந்த வழியா என்று தொட்டு விளையாடப் போகிறான். நல்லாயிருக்கிறது.

எழுதுவதென்றால் உன்னைப் பெத்தவள் சொன்னதை மட்டும் எழுதாதே. என்னுடையதையும் கேள். அவர் போனதற்கு முந்தின நாள் ராத்திரிதான் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். குளிக்காமல் ஐந்து நாள். அனுப்பினவள் ஒரு நர்ஸ். இடது மூக்கில் மட்டும் மூக்குத்தி, பேர் மங்களேஸ்வரி. "நைட்டெல்லாம் நல்லாத்தான் இருக்காரு ஆச்சி, போயிட்டு வாங்க" என்றாள். அவள் இப்போது எங்கே இருந்தாலும் அந்த வாய் இருக்கும்தானே.

விடியக் குற்றாலத்துக்குப் போய்த் தலை நனைத்தேன். கோவிலில் அவர் பேருக்குத் திருநீறு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே திருநெல்வேலி பஸ் ஏறினேன். பிச்சம்மாள் வீட்டுக்குப் போன் போட்டேன், வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறோம் என்று சொன்னேன் என்று உன் அம்மா சத்தியம் செய்கிறாள். போட்டிருக்கலாம். நான் பஸ்ஸில் இருந்தேன்.

ஆலங்குளம் தாண்டி எதிரே ஒரு வெள்ளை வண்டி அலறிக்கொண்டு போனது. யார் பெத்த பிள்ளையோ, பிழைக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதில் போனது அவர். எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்த்தது காலிக் கட்டில். ஒருத்தி பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பேஷண்ட் பேரு என்னம்மா" என்று என்னிடமே கேட்டாள்.

திரும்பி வீட்டுக்கு வந்தபோது அவரை வாசலில் கிடத்தியாகிவிட்டது. என் நாத்தனார் பிச்சம்மாள் காபி குடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அவள் டம்ளரைத் தூக்கினால் எனக்கு அதுதான் தெரியும்.

கதவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதைக் கேட்காதே.

வெயில் ஏறுகிறது. மோர் குடி.

ரெங்கம்மாள்

*

தாம்பரம்
16-3-2025

அன்புள்ள ஆச்சிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூக்குத்தி, பினாயில், வெள்ளை வண்டி எல்லாவற்றையும் கதையில் சேர்த்துவிட்டேன். அந்த வண்டி வருகிற பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். "நான் உங்க ஆச்சிகிட்ட கொண்டுபோகத்தான் கையெழுத்துப் போட்டேன். அவ மடியில போகட்டும்னுதான் போட்டேன். அவ எதிர்த்த பஸ்ல வருதான்னு யாருட்டி கண்டா" என்றாள்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று கேட்கவில்லை. எழுதிவிட்டேன்.

இரண்டாவது வழியையும் எழுதிப் பார்த்தேன். அம்மா கையெழுத்துப் போடாமல் காத்திருக்கிறாள். மத்தியானம் நீங்கள் வந்து சேர்கிறீர்கள். முந்தானையை அவிழ்த்துத் திருநீறு பூசுகிறீர்கள். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். சாயங்காலம் அவர் போகிறார்.

அம்மா இப்போது நர்ஸ் வேலைக்குப் போவதில்லை. ஓய்வு வேண்டும் என்றாள், வேறொன்றுமில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் கதையை உடனுக்குடன் வாசித்துவிடுகிறாள்.

கதவைக் கேட்காதே என்றீர்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை. வேறு எதுவும் உங்களிடம் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
வேல்விழி

*

மேலகரம்
28-3-2025

வேல்விழிக்கு,

சுகம். நீயும் சுகம்தானே. இங்கே மாங்காய் வந்துவிட்டது. அனுப்ப ஆள் இல்லை.

உன் இரண்டாவது வழியில் அவர் பிழைக்க வேண்டும். அதை மாற்று. கையெழுத்துப் போட்டாலும் சாகிறார், போடாமல் காத்திருந்தாலும் சாகிறார் என்றால் எதற்கடி இரண்டு வழி? வாசிக்கிறவன் என்ன இளிச்சவாயனா? உங்க அம்மா கையெழுத்துப் போட்டது தப்பில்லை என்று காட்டத்தான் இந்தக் கதையைக் கட்டுகிறாய். எனக்குத் தெரியாதா?

மூக்கில் குழாய் இருந்தபோது அவர் காலைச் சுரண்டினேன். பெருவிரல் அசைந்தது. டாக்டரிடம் சொன்னேன். "அது சும்மா நரம்பு ஆச்சி" என்றான். இருபத்தைந்து வயசுப் பயல். அசைந்ததா இல்லையா என்று அந்தக் காலைக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் இருந்தவளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். உன் கதையில் பெருவிரல் எங்கே?

மடியில் போகட்டும் என்று போட்டாளாம். மடி வேண்டும் என்று நினைத்தவள் மடிக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அதைத்தான் பதினாறாம் நாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "எங்கிட்ட ஒரு சொல்லு கேட்டியாட்டி" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "அப்போ இனிமே இந்த வாசல்ல கால வைக்காதே" என்றேன். சொன்னதைச் சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

வேலையை எதற்கு விட்டாள்? காய்ச்சலோடு டூட்டிக்குப் போகிறவள் அவள்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

ரெங்கம்மாள்

*

தாம்பரம்
13-4-2025

அன்புள்ள ஆச்சிக்கு,

நாளை வருஷப் பிறப்பு. இங்கிருந்தே உங்களை விழுந்து கும்பிட்டுக்கொள்கிறேன். கண் பரிசோதனைக்குப் போனீர்களா?

பெருவிரலைச் சேர்த்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன் ஆச்சி, அவரைப் பிழைக்க வைத்தும் எழுதிப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்தார். அதற்கு மேல் அவருக்கு ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. வேறு யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எந்த வழியில் போனாலும் அவர் அன்றைக்கே போகிறார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் மாறுகிறது. அதற்காகத்தான் இரண்டு வழி.

நான் சொல்லிக்கொண்டிருப்பதைவிட நீங்களே வாசித்துவிடுங்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் சுடலைராஜ் என்று ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், பிச்சம்மாள் ஆச்சிக்குத் தெரியும். அவருக்குக் கதையை அனுப்பிவிட்டேன். பெரிய எழுத்தில் அச்செடுத்து வைப்பார். போய் வாங்கிக்கொள்ளுங்கள். கதவுப் பக்கம் கடைசியில் வரும். அங்கே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்புடன்,
வேல்விழி

*

மேலகரம்
4-5-2025

வேல்விழிக்கு,

நான் இருக்கிறேன்.

கடைக்கு நானே போனேன். அந்தப் பையன் சுடலைராஜ் கட்டாகக் கொண்டுவந்து வைத்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. "ஆச்சி, அந்தக்கா தப்பான ஃபைல அனுப்பிட்டாங்கன்னு நெனைக்கேன். இது வாசிக்கதுக்கு உள்ளது இல்ல, அவுங்க எழுதுதது. நடுவுல நடுவுல கட்டம் போட்டு அவுங்களுக்கு அவுங்களே எழுதி வச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல வாசிச்சா அதெல்லாம் தெரியாது" என்றான். "குடுலே" என்றேன். காசை நீட்டினேன். "வேண்டாம் ஆச்சி" என்றான். முழுவதையும் படித்திருக்கிறான்.

பூதக்கண்ணாடி வைத்து ஒன்பது நாள் வாசித்தேன். கதை கிடக்கட்டும். கட்டத்துக்குள் உள்ளதைத்தான் வாசித்தேன். நீ எழுதினது உனக்கே மறந்திருக்கும். எனக்கு மறக்காது. இதோ.

[ஆச்சி இதில் பொய் சொல்லவில்லை. ஆனால் தன்னைத் தவிர எல்லோரையும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.]

[எழுத்தைப் பெரிதாக்கு. மாலையில் அம்மாவுக்குக் கண் மங்குகிறது. பக்கத்துக்கு ஐந்து வரி போதும்.]

[ஆச்சி கதவைத் திறந்து கட்டிப்பிடிப்பதாக எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு, "யாருட்டி இது, அடுத்த வீட்டுக்காரியா" என்று சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கிறது அவளுக்கு. அழித்துவிட்டேன்.]

[மூன்றாவது மருந்து ஏற்றுவதற்குள் கதவை முடி. அதற்கப்புறம் உட்கார முடியாது.]

[ஈரலுக்கும் போய்விட்டது. ஆச்சியிடம் சொல்லாதே. சத்தியம் செய்திருக்கிறாய்.]

[ஆச்சியின் பதில் இங்கே.] அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அம்மாவும் சுகம், அலுத்துவிட்டது, ஓய்வு. இப்படித்தானே எனக்கு எழுதினாய். அவள் அன்றைக்கு என்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். நீ அவள் மகள்.

நீ வைத்திருக்கிற இரண்டாவது வழியில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பக்கம் ஒன்று உண்டு. அதை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். நடக்காததை ஏன் இவ்வளவு நன்றாக எழுதினாய்?

எந்த டாக்டர் பார்க்கிறார்? என்ன சொல்கிறார்? அவள் சாப்பிடுகிறாளா? சின்னப் பிள்ளையில் உடம்புக்கு வந்தால் புழுங்கலரிசிக் கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான் இறங்கும். இப்போது யாருக்குத் தெரியும் அது.

கூப்பிட்டால் வருவேன் என்று அவளிடம் சொல். கூப்பிடாத வீட்டுக்கு நான் போனதில்லை.

ரெங்கம்மாள்

*

தாம்பரம்
30-5-2025

ஆச்சிக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். வாசிக்கிற கோப்பு ஒன்று, எழுதுகிற கோப்பு ஒன்று. அவசரத்தில் எழுதுகிறதை அனுப்பிவிட்டேன். அந்தக் குறிப்புகள் யாரும் பார்ப்பதற்காக எழுதினவை இல்லை. ஆபீஸ், ஆஸ்பத்திரி, மறுபடி ஆபீஸ் என்று ஓடுகிறேன். விட்ட இடம் மறந்துபோகிறது. மறுநாள் வருகிற எனக்காக நானே எழுதி வைத்துக்கொள்வேன். அப்பா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். எழுதித்தான் வைக்க முடிந்தது.

வயிற்றில் ஆரம்பித்தது. போன கார்த்திகையில் கண்டுபிடித்தார்கள். மருந்தை நிறுத்திவிட்டார்கள். இனி வலிக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை. நர்ஸாக இருந்தவளிடம் என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

கஞ்சியும் அப்பளமும் கொடுத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டாள். "யாருட்டி சொன்னா" என்று கேட்டாள். சொன்னேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கூப்பிட்டால் வருவீர்கள் என்று சொன்னேன். "நான் கூப்பிட மாட்டேன். வந்தா போன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "இத அப்படியே எழுது" என்றாள். எழுதிவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரியாக இருந்து களைத்துவிட்டேன் ஆச்சி.

கதவுப் பக்கம் அப்படியே இருக்கிறது. நான் வாசித்துக் காட்டுகிறேன், அவள் கேட்கிறாள். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்கிறாள்.

வேல்விழி

*

மேலகரம்
7-6-2025

வேல்விழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. சாரல் ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியில் ஈரம் படிகிறது, துடைத்துத் துடைத்து எழுதுகிறேன்.

வந்தால் போ என்று சொல்ல மாட்டாளாம். அதற்குப் பேர் கூப்பிடுவதில்லை. அவளுக்கும் அது தெரியும். துணி எடுத்துப் பையில் வைத்தேன். பை கட்டிலில் இருக்கிறது. அவள் ஒரு சொல் சொல்லட்டும்.

நீ கேட்டதை எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். என்னிடம் வார்த்தை இல்லை. வாசலில் கால் வைக்காதே என்று ஊர் கேட்கச் சொல்லியாகிவிட்டது. அதை எந்த வாயால் திரும்ப எடுக்க? சோறு போட்டிருப்பேன். சுண்டக்கறியும் நெத்திலிக் கருவாடும் இருந்தது. துக்க வீட்டில் கருவாடா என்று பிச்சம்மாள் கேட்டாள், அது வேறு கதை. கதைக்குள் அதை மட்டும் போடு. கதவு திறந்தது, அம்மா பேசவில்லை, சோறு போட்டாள்.

இனி எழுதுவது உன் கட்டத்துக்குள் போட வேண்டியது. வாசிக்கிற எவனுக்கும் தெரியக் கூடாது. உன் அம்மா செண்பகத்துக்கு மட்டும் வாசித்துக் காட்டு.

[அன்றைக்கு நல்ல மழை. அவள் பஸ்ஸை விட்டு இறங்கினதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குடை இல்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். தெரு முனையில் திரும்பினதும் நான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். சத்தம் கேட்காமல் எடுத்தேன். திரும்ப வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். தட்டினாள். அம்மா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. தள்ளிக்கொண்டு வருவாள் என்று இருந்தேன். பெத்த வீட்டுக் கதவைத் தள்ளத் தெரியாதா ஒருத்திக்கு? கொஞ்ச நேரம் நின்றாள். போய்விட்டாள். தாழ்ப்பாள் போடவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தள்ளு.]

அவள் என்ன சொல்கிறாள் என்று உடனே எழுது. பிந்தாதே.

ரெங்கம்மாள்

*

தாம்பரம்
27-7-2025

ஆச்சிக்கு,

பிச்சம்மாள் ஆச்சியிடம் போனில் சொல்லச் சொன்னேன். சொல்லியிருப்பார்கள். காலையில் போய்விட்டாள், சாயங்காலமே எடுத்துவிட்டோம். வைத்திருக்க வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். நீங்கள் உடனே கிளம்பியிருந்தாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது. இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் உடனே எழுதச் சொன்னதற்கு இப்போதுதான் பதில். எழுதாமலே இருந்துவிடலாம் என்றுகூட இருந்தேன். ஆனால் கேட்டது நீங்கள். உங்களிடம் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று அந்தக் காகிதக் கட்டோடு எனக்குப் புத்தி வந்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்த அன்றே கதையை முதலிலிருந்து வாசித்தேன். கதவு வந்தது. கையைத் தூக்கினாள். "பதில் வந்துட்டும்மா" என்றேன். கையை இறக்கினாள். சோறு போட்டாள் என்று வாசித்தேன். "கருவாடா" என்றாள். முகம் தெளிவாக இருந்தது. அப்புறம் அடைப்புக்குள் இருந்ததை வாசித்தேன்.

நான் முடிக்கிறதுக்குள் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். "தள்ளினேன்ட்டி" என்றாள். "ரெண்டு கையாலயும் தள்ளினேன். தோளக் குடுத்துத் தள்ளினேன். அசையல. உள்ள தாப்பா போட்டுட்டு உக்காந்திருந்தா. இப்போ போடலங்கா. சாவப்போறவகிட்டயும் பொய் சொல்லுதா பாரு உங்க ஆச்சி."

அதற்கு மேல் கதையை வாசிக்கச் சொல்லவில்லை. பையில் துணி எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். "அவளே பிரிச்சு வைக்கட்டும்" என்றாள். அதன்பின் ஆறு வாரம் இருந்தாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

யார் சொல்வது நிஜம் என்று நான் கேட்கப்போவதில்லை. கதையை மூடி வைத்துவிட்டேன். திறந்தால் எனக்கு நானே எழுதி வைத்ததுதான் முதலில் வருகிறது. [அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கு.]

நீங்கள் சாப்பிடுங்கள். நான் சாப்பிடுகிறேன்.

வேல்விழி

*

மேலகரம்
11-8-2025

என் பேத்தி வேல்விழிக்கு,

உன்னைத் தனியாக விட்டுவிட்டார்கள் எல்லோரும். உடம்பைப் பார். ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே.

பிச்சம்மாள் வந்து சொன்ன அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். என்கூட அவளும் ஊற்றிக்கொண்டாள். காபி போட்டுக் கொடுத்தாள், குடித்தேன்.

நீ எழுதினதை வாசித்தேன். செண்பகம் பொய் சொல்கிறவள் இல்லை. சின்னதிலிருந்தே இல்லை. அடி வாங்குவாள், பொய் சொல்ல மாட்டாள். நானும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி என்று நாலு நாள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது வேங்கை மரம். உங்க தாத்தாவுக்கு அப்பா போட்டது. சாரல் விழுந்தால் ஊதி நிலையில் இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு வருஷமும் வைகாசியில் உங்க தாத்தாவே இழைப்புளி எடுத்து ஓரத்தைச் சீவிவிடுவார். எனக்குச் சுருள் அள்ளுகிற வேலை. அந்த வருஷம் வைகாசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சீவ ஆள் இல்லை. பதினாறு வரைக்கும் கதவு சாத்தவே இல்லை, ஊர் வந்து போனது. பதினாறு முடிந்து நான்தான் சாத்தித் தாழ் போட்டேன். தாலி அறுத்தவள் வருஷம் திரும்புமுன் முன்வாசலில் நிற்கக் கூடாது என்று கொல்லைப்புறமாகவே புழங்கினேன். அந்த ஆடி முழுக்க மழை. புரட்டாசியில் ஒருநாள் பிச்சம்மாள்தான் முன்கதவைத் திறந்தாள். வெயில் ஏறி மரம் வற்றியிருந்தது. சும்மா திறந்தது.

அடுத்த வருஷத்திலிருந்து இசக்கிமணி ஆசாரி வந்து சீவிக் கொடுத்தான். இந்த வருஷம் அவன் வரவில்லை, கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

நேற்றைக்கு நல்ல சாரல். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். இரண்டு கையாலும் தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பிச்சம்மாள் வீட்டிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன மயினி பண்ணுதிய மழையில" என்று ஓடிவந்தாள். அவளையும் சேர்ந்து தள்ளச் சொன்னேன்.

அசையவில்லை.

இதைக் கதையில் போடாதே. கட்டத்துக்குள்ளும் போடாதே. வாசித்துக் காட்ட இனி யார் இருக்கிறார்கள்.

ஆச்சி ரெங்கம்மாள்